மூடிய கதவுகளைத் திறந்த நாடுகள் கற்பித்த பாடம்

உலக சுகாதார ஸ்தாபனத்தின் உறுப்பு நாடுகள் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திய பேச்சுவார்த்தைகளின் பின்னர், 2025ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அடுத்த பெருந்தொற்றின்போது தடுப்பூசிகளும் மருந்துகளும் செல்வந்த நாடுகளின் களஞ்சியங்களில் முடங்கிவிடாது வறிய நாடுகளையும் சென்றடைய வேண்டும் என்பது அதன் பிரதான நோக்கங்களுள் ஒன்றாகும். இது வரவேற்கத்தக்க முயற்சியே. ஆயினும் எந்தவொரு சர்வதேச உடன்படிக்கையும் ஒரு நாட்டுக்காகத் தீர்த்துவைக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. நோய்க்கு அஞ்சி ஒரு நாட்டை மூடிய பின்னர் அதனை எவ்வாறு மீண்டும் திறப்பது என்பதே அக்கேள்வியாகும்.

மூடுவதற்கு ஓர் இரவும் ஓர் உத்தரவும் போதுமானவை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உலகின் பல அரசாங்கங்கள் அதனைச் செய்துகாட்டின. திறப்பதோ அவ்வளவு இலகுவான காரியமாக இருக்கவில்லை. அவசரமாகத் திறந்த நாடுகள் இரண்டாவது தடவையும் மூட வேண்டியேற்பட்டது. திறக்கத் தயங்கிய நாடுகள் இறுதியில் ஆயத்தமின்றித் திறந்து பெரும் உயிரிழப்பைச் சந்தித்தன. மிகுந்த நிதானத்துடன் திறந்த நாடுகளில்கூட, எவரும் எதிர்பாராத வாசல் வழியாக நோய் மீண்டும் நுழைந்தது. அந்த வாசல் எது என்பதை நாடு நாடாகப் பார்க்கையில் ஓர் உண்மை திரும்பத் திரும்பப் புலப்படுகின்றது. அரசாங்கம் தனது கணக்கில் சேர்க்க மறந்தவர்கள், அல்லது அரசாங்கத்தின் மீது நம்பிக்கை இழந்தவர்கள் வாழ்ந்த இடங்களே பெரும்பாலும் அந்த வாசல்களாக இருந்தன. 2023ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி கொவிட்-19 தொடர்பான சர்வதேச அவசரநிலை முடிவுக்கு வந்தமையோடு உலகம் மறக்கத் தொடங்கிய இந்த உண்மையை நினைவூட்டுவது அவசியம் என நாம் கருதுகின்றோம்.

இது கொவிட் காலத்தில் மட்டும் கண்ட அனுபவமுமல்ல. 1918ஆம் ஆண்டு இன்புளுவென்சா பரவியபோது அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ நகரில் முகக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 21ஆம் திகதி நண்பகலில் ஊதுகுழல் ஒலிக்க, கட்டுப்பாடு நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. மக்கள் முகக்கவசங்களைக் கழற்றித் தெருக்களில் வீசிக் கொண்டாடினர். ஆனால் இரண்டு மாதங்கள் செல்வதற்கு முன்னர், 1919 ஜனவரியில், அதே சட்டத்தை அந்நகரம் மீண்டும் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. இம்முறை மக்களின் ஒத்துழைப்பு முன்போல் கிட்டவில்லை. முகக்கவச எதிர்ப்புச் சங்கம் ஒன்றே அங்கு தோன்றியது. வெற்றியை ஒரு தடவை பிரகடனம் செய்துவிட்டால், இரண்டாவது தடவை மக்களைக் கேட்டுக்கொள்வதற்கு அரசாங்கத்திடம் சொற்கள் மிஞ்சுவதில்லை.

கொவிட் காலத்துக்கு வருவோம். 2020ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் சிங்கப்பூர் உலகுக்கே முன்மாதிரியாகப் போற்றப்பட்டது. தொற்றாளர்களையும் அவர்களுடன் பழகியவர்களையும் கண்டறிவதில் அந்நாட்டு அதிகாரிகள் காட்டிய திறமை வியந்துரைக்கப்பட்டது. ஆனால் நகரின் ஓரங்களில் அமைந்திருந்த விடுதிகளில், ஓர் அறைக்குள் பன்னிரண்டு, இருபது பேர் என நெருக்கியடித்து வாழ்ந்த சுமார் 3 இலட்சத்து 20 ஆயிரம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அந்தத் திறமையின் பார்வைக்கு அப்பால் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலானோர் பங்களாதேஷையும் இந்தியாவையும் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து கடன் பட்டு வந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். ஏப்ரல் மாதத்தில் அவ்விடுதிகளுக்குள் நோய் புகுந்தபோது சிங்கப்பூரின் கணக்குகள் அனைத்தும் தலைகீழாயின. அவ்விடுதிவாசிகளுள் 47 சதவீதமானோர் தொற்றுக்குள்ளாகியிருந்தனர் என 2020 டிசெம்பரில் அந்நாட்டு அரசாங்கமே அறிவித்தது.

சிங்கப்பூர் அவர்களுக்குச் சிகிச்சை அளித்தது. மரணங்களும் மிகக் குறைவாகவே இருந்தன. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் திறப்பு என்பது அந்நாட்டில் இரண்டு விதமாக நிகழ்ந்தது. 2020 ஜூன் மாதம் முதல் நகரவாசிகளுக்குப் படிப்படியாகக் கதவுகள் திறக்கப்பட்டன. விடுதித் தொழிலாளர்களுக்கோ வேலைத்தளமும் விடுதியுமே உலகம் என்ற நிலை நீடித்தது. 2021 செப்டெம்பரில், தடுப்பூசி பெற்ற தொழிலாளர்களுள் வாரத்துக்கு 500 பேர் வரையில் லிட்டில் இந்தியா, கேலாங் செராய் பகுதிகளுக்குச் சென்றுவரப் பரீட்சார்த்தமாக அனுமதிக்கப்பட்டமை ஒரு செய்தியாக வெளிவந்தது. அந்த நகரைக் கட்டியெழுப்பிய கரங்களுக்கு அந்த நகரின் தெருவில் நடப்பது ஒரு சலுகையாக மாறியிருந்தது.

ஜேர்மனியின் அனுபவமும் இதனை ஒத்ததே. 2020 மே மாதத்தில் ஐரோப்பாவின் ஏனைய பெரிய நாடுகளை முந்திக்கொண்டு கடைகளையும் பாடசாலைகளையும் ஜேர்மனி திறந்தது. ஜூன் மாதத்தில் குற்றர்ஸ்லோ மாவட்டத்தில் உள்ள மாபெரும் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் 1,500க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தொற்றுடன் இனங்காணப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலானோர் ரொமேனியா, பல்கேரியா, போலந்து ஆகிய நாடுகளிலிருந்து உப ஒப்பந்தக்காரர்கள் மூலம் அழைத்துவரப்பட்டு, நெரிசல்மிக்க தங்குமிடங்களில் வாழ்ந்தவர்கள். அம்மாவட்டமும் அயல் மாவட்டமும் மீண்டும் மூடப்பட்டு, 6 இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் கட்டுப்பாடுகளுக்குள் வந்தனர். ஆனால் ஜேர்மனி அத்துடன் நின்றுவிடவில்லை. பெரிய இறைச்சித் தொழிற்சாலைகளில் உப ஒப்பந்த முறையில் தொழிலாளரை அமர்த்துவதை 2021 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் சட்டத்தினால் தடை செய்தது. தொழிலாளரின் தங்குமிடமும் ஒப்பந்தமும் சுகாதாரப் பிரச்சினைதான் என்பதனை ஒரு பாராளுமன்றம் ஏற்றுக்கொண்ட தருணம் அது.

கணக்கில் சேர்க்கப்படாதவர்களின் நிலை இவ்வாறிருக்க, அச்சத்தினால் தாமாகவே மறைந்துகொள்பவர்கள் வேறொரு வகையினர். தென்கொரியா கற்பிக்கும் பாடம் இவர்களைப் பற்றியது. 2020 மே மாதம் 6ஆம் திகதி அந்நாடு கட்டுப்பாடுகளைத் தளர்த்திய கையோடு, தலைநகர் சியோலின் இத்தேவொன் பகுதியிலுள்ள இரவு விடுதிகளில் ஒரு கொத்தணி உருவானது. அவற்றுட் சில தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் இடங்கள் எனச் சில ஊடகங்கள் விளம்பரப்படுத்தவே, அங்கு சென்றிருந்தவர்கள் வேலையையும் குடும்பத்தையும் இழக்க நேருமென அஞ்சிப் பரிசோதனைக்கு வரத் தயங்கினர். தமது தொழிலை மறைத்த தனியார் வகுப்பு ஆசிரியர் ஒருவரால் மாணவர்களுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் நோய் பரவியது. சியோல் மாநகர நிர்வாகம் இந்த அச்சத்தின் காரணத்தை விரைவில் உணர்ந்துகொண்டது. பெயர் கேட்கப்படாது, தொலைபேசி இலக்கம் மாத்திரம் போதுமானது என்ற அடிப்படையில் பரிசோதனையை ஆரம்பித்தது. பரிசோதனைக்கு முன்வந்தோரின் தொகை சில தினங்களிலேயே பெருமளவில் உயர்ந்தது. சுமார் 270 பேருடன் அக்கொத்தணி கட்டுக்குள் வந்தது.

இதற்கு நேரெதிரான வழியை அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் காண்கின்றோம். வெளிநாட்டிலிருந்து வந்தோரைத் தனிமைப்படுத்திய ஹோட்டல்களில் நேர்ந்த கவனயீனத்தால், திறக்கப்பட்டுக்கொண்டிருந்த அந்நகருக்குள் நோய் மீண்டும் பரவியது. 2020 ஜூலை 4ஆம் திகதி பிற்பகல், ஒன்பது அடுக்குமாடி அரச குடியிருப்புகள் எவ்வித முன்னறிவித்தலுமின்றி மூடப்பட்டன. அங்கு வாழ்ந்த சுமார் 3,000 பேரில் பலர் ஆபிரிக்க, ஆசிய நாடுகளிலிருந்து அகதிகளாகவும் குடியேறிகளாகவும் வந்தவர்கள். முஸ்லிம்களும் கணிசமாக இருந்தனர். வைத்தியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் முன்னதாக அங்கு வந்து சேர்ந்தவர்கள் பொலிஸார். போரிலிருந்தும் அடக்குமுறையிலிருந்தும் தப்பி வந்த மக்களின் வாசலில் சீருடையினர் நிறுத்தப்பட்டனர். உணவும் மருந்தும் உரிய வேளையில் கிடைக்கவில்லை. கட்டுப்பாடு தேவைப்பட்டது எனினும், ஒரு மணித்தியால அவகாசமும் இன்றி அதனை நடைமுறைப்படுத்தியமை நேரடியான சுகாதார ஆலோசனையின் அடிப்படையில் அமையவில்லை என்றும், அது மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்றும் விக்டோரிய மாநில ஒம்புட்ஸ்மன் அவ்வாண்டு டிசெம்பரில் முடிவு தெரிவித்தார். பின்னர் 2023இல் குடியிருப்பாளர்களுக்கு 50 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் இழப்பீடு வழங்க இணக்கம் காணப்பட்டது.

அறிவிக்கும் முறையும் நேரமும்கூட நம்பிக்கையை வளர்க்கும் அல்லது சிதைக்கும் என்பதற்குப் பிரித்தானியா சாட்சியாகும். 2020 ஜூலை 30ஆம் திகதி இரவு ஒன்பது மணியளவில், மென்செஸ்டர் பெரும்பாகத்திலும் வட இங்கிலாந்தின் வேறு சில பகுதிகளிலும் ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாருடன் கூடுவதைத் தடை செய்யும் அறிவித்தலை அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் டுவிட்டர் மூலம் வெளியிட்டார். நள்ளிரவில் தடை நடைமுறைக்கு வந்தது. மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். அப்பகுதிகளில் செறிந்து வாழும் முஸ்லிம் குடும்பங்கள் சமையலையும் விருந்தையும் ஆயத்தம் செய்துகொண்டிருந்த வேளையில் இச்செய்தி அவர்களை வந்தடைந்தது. தொற்று அதிகரித்திருந்தமை உண்மையே; தடையின் தேவையையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே அரசாங்கம் அவ்வாண்டின் நத்தார் பண்டிகைக்கு ஐந்து நாட்கள் தளர்வு வழங்கப்படும் எனப் பல வாரங்களுக்கு முன்னரே உறுதியளித்தது. பின்னர் டிசெம்பர் 19ஆம் திகதி லண்டனிலும் தென்கிழக்கிலும் அந்த உறுதிமொழியை முற்றாக மீளப்பெற்றது. முதலாவது அறிவித்தல் ஒரு சமூகத்தைப் புண்படுத்தியது. இரண்டாவது நாடு முழுவதையும் ஏமாற்றியது.

விதிகளை இயற்றியவர்களே அவற்றை மீறியதையும் பிரித்தானிய மக்கள் கண்டனர். பிரதமரின் தலைமை ஆலோசகர் முடக்கநிலைக் காலத்தில் குடும்பத்துடன் டர்ஹமுக்குப் பயணம் செய்தமை 2020 மே மாதத்தில் அம்பலமானது. அதன் பின்னர் இங்கிலாந்தில் அரசாங்கத்தின் மீதான நம்பிக்கை சடுதியாக வீழ்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் அவ்வாறான வீழ்ச்சி காணப்படவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், உணவகங்களில் அமர்ந்து உண்பவர்களுக்குப் பாதி விலையை அரசாங்கமே செலுத்தும் திட்டம் ஒன்று அமுலாகியது. அறிவிக்கப்படும் வரையில் அத்திட்டம் பற்றித் தமக்குத் தெரிந்திருக்கவில்லை என அரசாங்கத்தின் பிரதம விஞ்ஞான ஆலோசகர் 2023இல் பொது விசாரணையின் முன் சாட்சியமளித்தார். அந்த இலையுதிர் காலத்திலேயே, நவம்பர் 5ஆம் திகதி, இங்கிலாந்து மீண்டும் மூடப்பட்டது.

பொருளாதாரம் மூச்சுத் திணறும்போது நாட்டை எத்தனை நாள்தான் மூடிவைப்பது என்ற கேள்வி நியாயமானது. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவனுக்கு வீட்டிலிருத்தல் பட்டினியையே குறிக்கும். இதற்குப் பெரு நாட்டைவிடத் துயரமான உதாரணம் இல்லை. 2020 மார்ச் மாத நடுப்பகுதியில், இலத்தீன் அமெரிக்காவில் முந்திக்கொண்டு கடுமையான முடக்கத்தை விதித்த நாடு அது. நிவாரணப் பணமும் அறிவிக்கப்பட்டது. ஆனால் உழைப்பாளர்களில் ஏறக்குறைய எழுபது சதவீதமானோர் முறைசாராத் தொழில்களில் இருந்தனர். ஏறக்குறைய பாதிக் குடும்பங்களிடம் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஆகவே சந்தைக்கு அடிக்கடி செல்ல வேண்டியிருந்தது. பலரிடம் வங்கிக் கணக்கு இல்லை. ஆகவே நிவாரணத்துக்காக வங்கி வாசல்களில் வரிசையில் நின்றனர். நோயிலிருந்து காப்பதற்காக வழங்கப்பட்ட பணமே மக்களை ஓரிடத்தில் கூட்டியது. 2021 மே மாத இறுதியில் அந்நாடு தனது மரணக் கணக்கைத் திருத்தியபோது, சுமார் 69 ஆயிரமாக இருந்த எண்ணிக்கை 1 இலட்சத்து 80 ஆயிரமாக உயர்ந்தது. மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அறியாது விதிக்கப்படும் சட்டம் எவ்வளவு கடுமையானதாக இருந்தும் பயனில்லை.

அயலிலுள்ள இந்தியா வெற்றிப் பிரகடனத்தின் விலையை உணர்த்தியது. நான்கு மணித்தியால அவகாசத்தில் 2020 மார்ச் 24ஆம் திகதி நள்ளிரவு மூடப்பட்ட நாடு அது. புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்தே ஊர் சென்றனர். டில்லியில் தப்லீக் ஜமாஅத் ஒன்றுகூடலின் பின்னர் நோய்க்கு ஒரு மதச் சாயம் பூசப்பட்டது. அதில் பங்கேற்ற வெளிநாட்டவர்கள் பலிக்கடாக்கள் ஆக்கப்பட்டனர் என பம்பாய் மேல் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அவ்வாண்டு ஓகஸ்டில் கண்டித்தது. 2021 மார்ச் மாதம், பெருந்தொற்று அதன் இறுதிக் கட்டத்தில் இருப்பதாக அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் கூறினார். ஏப்ரலில் கும்பமேளாவில் இலட்சக்கணக்கானோர் கூடினர். தமிழ்நாடு, மேற்கு வங்கம் உள்ளிட்ட மாநிலங்களில் தேர்தல் பிரசாரக் கூட்டங்கள் அலைமோதின. மே மாதத்தின் முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 4 இலட்சத்துக்கும் அதிகமானோர் தொற்றுடன் இனங்காணப்பட்டனர். ஒட்சிசன் இன்றி வைத்தியசாலை வாசல்களில் மக்கள் உயிரிழந்தனர்.

திறப்பதைத் தாமதிப்பதினால் மட்டும் பாதுகாப்பு கிட்டிவிடாது என்பதை ஹொங்கொங்கும் சீனாவும் உணர்த்தின. இரண்டு ஆண்டுகள் நோயைத் தடுத்துவைத்த ஹொங்கொங், அந்த அவகாசத்தில் தனது முதியோருக்குத் தடுப்பூசி ஏற்றத் தவறியது. 2022இன் முற்பகுதியில் ஒமிக்ரோன் நுழைந்தபோது, சில மாதங்களுக்குள் 9,000க்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் முதியவர்கள். சீனாவோ மூன்று ஆண்டுகள் இறுக மூடியிருந்து, மக்களின் எதிர்ப்பு வெடித்த பின்னர், 2022 டிசெம்பர் 7ஆம் திகதி, கடும் குளிர்காலத்தில், ஆயத்தமேதுமின்றித் திறந்தது. அதற்கடுத்த ஐந்து வாரங்களில் வைத்தியசாலைகளில் மாத்திரம் சுமார் 60 ஆயிரம் பேர் இறந்ததாக அந்நாட்டு அதிகாரிகளே ஒப்புக்கொண்டனர்.

அப்படியாயின் நன்றாகச் செய்தவர்கள் எவருமில்லையா? இருந்தனர். நாட்டை மூடுவதற்கு முன்னரே, 2020 மார்ச் 21ஆம் திகதி, நான்கு படிகள் கொண்ட திட்டம் ஒன்றை நியூஸிலாந்து வெளியிட்டது. எந்தப் படியில் எந்தக் கடை திறக்கும், எந்தப் படியில் பாடசாலை நடக்கும், எப்போது கீழிறங்குவோம், எப்போது மீண்டும் ஏறுவோம் என்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் தெரிந்திருந்தது. 102 நாட்கள் சமூகத்துக்குள் தொற்றின்றி இருந்த பின்னர், ஓகஸ்ட் 11ஆம் திகதி ஒக்லாந்தில் நோய் மீண்டும் தலைகாட்டியபோது, அந்நகரம் மறுநாளே ஏற்கனவே அறியப்பட்ட படிக்கு ஏறியது. பொதுத் தேர்தலும் நான்கு வாரங்கள் ஒத்திவைக்கப்பட்டது. 2022இல் நோய் பரவ இடமளிக்கப்பட்டபோது, தகுதியுடையோரில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் இரு தடுப்பூசிகளையும் பெற்றிருந்தனர். அத்தகைய நாட்டிலும் பழங்குடி மாஓரி மக்கள் தடுப்பூசியில் பின்தங்கினர். வயதை மாத்திரம் அடிப்படையாகக் கொண்ட முன்னுரிமை, இளவயதினர் அதிகமாக உள்ள அச்சமூகத்துக்குப் பாதகமானது என்றும், அதன் மூலம் அரசு தனது உடன்படிக்கைக் கடமையிலிருந்து தவறியது என்றும் வைதாங்கி நியாயசபை 2021 டிசெம்பரில் தீர்ப்பளித்தது. அனைவருக்கும் ஒரே விதி என்பது எப்போதும் அனைவருக்கும் ஒரே நீதி ஆகிவிடாது.

இனி எமது வீட்டு வாசலுக்கு வருவோம். 2020 மார்ச் 20ஆம் திகதி முதல் ஊரடங்குச் சட்டத்தின் கீழிருந்த இலங்கை, ஜூன் மாத இறுதியில் முற்றாகத் திறக்கப்பட்டது. ஓகஸ்ட் 5ஆம் திகதி பொதுத் தேர்தலும் நடந்தேறியது. செப்டெம்பர் இறுதியில் தொற்றாளர் தொகை 3,400ஐ அண்மித்தும் மரணங்கள் 13 ஆகவுமே இருந்தன. உலகம் பாராட்டியது; நாமும் பெருமிதம் கொண்டோம். ஒக்டோபர் முதல் வாரத்தில் மினுவாங்கொடையில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து புதிய கொத்தணி வெளிப்பட்டது. அதனைத் தொடர்ந்து பேலியகொடை மீன் சந்தையில் மற்றொன்று வெளிப்பட்டது. அம்மாத இறுதிக்குள் தொற்றாளர் எண்ணிக்கை 10,000ஐக் கடந்தது. சிங்கப்பூரின் விடுதி, ஜேர்மனியின் இறைச்சித் தொழிற்சாலை, பெருவின் சந்தை ஆகியவை உணர்த்தியதையே இவையும் உணர்த்தின. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் பெண் தொழிலாளர்களின் நெரிசல்மிக்க தங்குமிடங்களும், நாட்டுக்கு உணவளிக்கும் சந்தைத் தொழிலாளர்களின் வாழ்நிலையும் திறப்பு ஏற்பாடுகளில் உரிய இடத்தைப் பெற்றிருக்கவில்லை. மலையகத்தின் லயன் அறைகளில் ஒரு குடும்பத்தினரை ஒருவரிலிருந்து ஒருவர் தனிமைப்படுத்துமாறு கேட்பது எத்துணை பொருளற்றது என்பதை அங்கு சென்று பார்த்த எவரும் அறிவர்.

2021 ஏப்ரலில், இந்தியாவின் தீ எமது கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தபோதே, சித்திரைப் புத்தாண்டுக் கொண்டாட்டங்களுக்காக நாடு தளர்ந்துகொடுத்தது. மார்ச் இறுதியில் 600ஐ எட்டாதிருந்த மரண எண்ணிக்கை அவ்வாண்டு முடிவதற்குள் 14,000ஐ விஞ்சியது. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்ற முதுமொழி எமக்குத் தெரியாததன்று. அயல் வீட்டில் வெள்ளம் புகுந்ததைக் கண்டும் அணை கோலாதிருந்தோம்.

இவை அனைத்தினும் ஆழமான காயம் ஜனாஸா விவகாரமாகும். நல்லடக்கம், தகனம் ஆகிய இரண்டையும் பாதுகாப்பாக மேற்கொள்ள முடியும் என்பது 2020 மார்ச் மாதத்தில் வெளியான உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டலிலேயே அமைந்திருந்தது. ஆயினும் ஏப்ரல் மாத வர்த்தமானி அறிவித்தல் தகனத்தைக் கட்டாயமாக்கியது. பிறந்து இருபது நாட்களேயான சிசுவின் உடலும் அவ்வாண்டு டிசெம்பரில் தகனம் செய்யப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் கட்டப்பட்ட வெள்ளைத் துணிகள் அந்த வேதனையின் மொழியாயின. பாகுபாட்டுக்கு அஞ்சி எளிய மக்கள் பொதுச் சுகாதார சேவையை நாடாதிருக்கும் நிலை ஏற்படலாம் என ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் 2021 ஜனவரியில் எச்சரித்தனர். தென்கொரியா பெயரைக் கேட்காது பரிசோதித்து மக்களை வெளிக்கொணர்ந்தது. இலங்கையிலோ, பரிசோதனையின் முடிவு தன் தந்தையின் கபுறைப் பறித்துவிடுமோ என ஒரு மகன் அஞ்ச வேண்டியிருந்தது. அத்தகைய அச்சம் நிலவும் இடத்தில் எந்தத் தொற்றுநோய்க் கணக்கும் முழுமையடையாது.

2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழ், முஸ்லிம் மக்கள் இணைந்து நடந்த பேரணியில் இக்கோரிக்கையும் ஒலித்தது. அம்மாத இறுதியில் நல்லடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. அப்போதும் முதலில் தெரிவு செய்யப்பட்ட இடம், நீண்ட இடப்பெயர்வின் பின்னர் தமிழ் மக்கள் அண்மையில்தான் மீளக் குடியேறியிருந்த இரணைதீவாகும். அங்குள்ள மக்களிடம் கேளாமல் எடுக்கப்பட்ட முடிவு இரண்டு சமூகங்களையும் எதிரெதிரே நிறுத்தப் பார்த்தது. எதிர்ப்பு எழவே, மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதலாவது நல்லடக்கம் இடம்பெற்றது. ஓராண்டு காலத்தில் 3,600க்கும் அதிகமான உடல்கள் அம்மண்ணில் அடக்கம் செய்யப்பட்டன. கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலை மாதத்திலாகும். மன்னிப்பு வந்ததை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சாம்பலாகிவிட்ட உடல்களை எந்த மன்னிப்பும் மண்ணுக்கு மீட்டுத் தராது.

உலக நாடுகளின் அனுபவத்திலிருந்து எமது ஆட்சியாளர்கள் பெற்றுக்கொள்ள வேண்டியவை யாவை? முதலாவதாக, மூடும் நாளிலேயே திறக்கும் படிகளும் எழுத்தில், மும்மொழிகளிலும், மக்களின் கையில் இருக்க வேண்டும். இரண்டாவதாக, தொழிற்சாலை விடுதிகள், லயன் குடியிருப்புகள், மீன் சந்தைகள், கொழும்பின் மாடிக் குடியிருப்புகள் ஆகியவற்றுக்கான ஏற்பாடு கடைசிப் பக்கத்தில் அல்லாது முதற் பக்கத்தில் இடம்பெற வேண்டும். மூன்றாவதாக, நாட்கூலி பெறுவோரின் கைக்கு நிவாரணம் வரிசையின்றிச் சென்றடையும் வழி அமைதிக் காலத்திலேயே ஆயத்தமாக இருக்க வேண்டும். 2020இல் வழங்கப்பட்ட 5,000 ரூபா கொடுப்பனவின் அனுபவம் அதற்கு ஒரு தொடக்கப் பாடமாகட்டும். நான்காவதாக, மரணச் சடங்குகள், பண்டிகைகள், வழிபாடு ஆகியவற்றைத் தொடும் எந்த முடிவும், விஞ்ஞான ஆதாரத்துடனும் உரிய சமூகத்தவருடன் கலந்தாலோசித்தும் மட்டுமே எடுக்கப்பட வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் நிதி தேவையில்லை. ஏற்பாடுகளைத் தீட்டும் மேசையில் யார் அமர்கின்றனர் என்பதே இவற்றைத் தீர்மானிக்கும். மூடிய அறைக்குள் நோய் பரவுவது போலவே, மூடிய அறைக்குள் எடுக்கப்படும் முடிவுகளாலும் அநீதி பரவுகின்றது.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்பதை எவரும் அறியார். அது வரும்போது, நாட்டின் கதவுகளைத் திறக்கும் அதிகாரியின் பட்டியலில் மினுவாங்கொடையின் தொழிலாளப் பெண்ணும், ஹற்றனின் லயன் அறைத் தாயும், இரணைதீவின் மீனவனும், ஓட்டமாவடியின் அந்த மண்ணில் தன் தந்தையை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய மகனும் இருப்பார்களா என்பதே எமது கேள்வியாகும். அப்பட்டியலைத் திருத்துவதற்கு நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.